தட்டிக்கு அந்தப் பக்கம்

என் பிலோமிக்கு, சத்தம் போட்டுச் சிரிக்கிறவளுக்கு,

ஆடிக்காற்று தொடங்கிவிட்டது. மாடியறையின் மேற்கு ஜன்னலைத் திறந்து வைத்தால் மண், அடைத்து வைத்தால் புழுக்கம். திற என்று நீயும் அடை என்று நானும் சண்டை போடுவோமே, இந்த வருஷம் சண்டைக்கு ஆளில்லை. நானே திறக்கிறேன், பிறகு நானே எழுந்து போய் அடைக்கிறேன். ஒரு ஜன்னலைப் பற்றி முடிவெடுக்க இவ்வளவு நேரமாகும் என்று எனக்கு முன்னால் தெரியாது.

இந்தக் கடிதத்தை நாலு பேர் படிப்பார்கள் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். அதனால் உனக்குத் தெரிந்ததையும் திரும்பச் சொல்லவேண்டியிருக்கும். கோபிக்காதே.

நீ போனது கார்த்திகை அடைமழையில். மஞ்சள்காமாலை என்றார்கள். கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தேன், ஆஸ்பத்திரியில் சேர்த்தோம், கடைசியில் உன் அண்ணன் டாக்சி பிடித்து வந்து உன்னை மணப்பாட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார். "ரெண்டு நாள்ல வந்திருவேன் வடிவக்கா, அதுக்குள்ள என் சேலையெல்லாம் உடுத்திக்கிட்டுத் திரியாத" என்று டாக்சிக்குள்ளிருந்து சொன்னாய். அந்தக் கிளிப்பச்சைச் சேலையை எவள் உடுத்துவாள்? அதைச் சொல்ல நான் வாயெடுப்பதற்குள் வண்டி கிளம்பிவிட்டது.

அடக்கத்தன்று உன் வீட்டுப் பெண்களெல்லாம் உன்னைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். நான் வாசல் பக்கம் நின்றேன். "அது யாரு, அங்கன நிக்குதது?" என்று ஒரு அம்மா கேட்டாள். "அது கூட வேல பாக்குத டீச்சர்" என்று பதில் வந்தது. பொய்யில்லைதான். ஆனால் வருஷக்கணக்காக ஒரே அறையில், ஒரே சட்டியில் சோறு பொங்கித் தின்றவளுக்கு ஊரில் வேறு பேர் கிடையாதா? தங்கச்சி செத்துப்போனால் அக்காவிடம் வந்து துக்கம் விசாரிப்பார்கள், துட்டி கேட்பார்கள். என்னிடம் ஒருத்தரும் கேட்கவில்லை.

பள்ளிக்கூடத்தில் இரங்கல் கூட்டம் நடந்தது. பெரிய டீச்சர் பேசினார்கள், எல்லாரும் எழுந்து நின்றோம், அதற்குப் பிறகு பிள்ளைகளை வீட்டுக்கு விட்டுவிட்டார்கள். பைக்கட்டைத் தூக்கிக்கொண்டு அதுகள் ஓடின ஓட்டத்தைப் பார்த்து எனக்குக் கோபம் வரவில்லை. உயிரோடிருந்தால் நீயும் கூட ஓடியிருப்பாய்.

மறுநாளே பெரிய டீச்சர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். "வடிவு டீச்சர், ஆள் போடுற வரைக்கும் லெவன்த் இங்கிலீஷ நீங்கதான் பாக்கணும்."

"நான் கணக்கு டீச்சர்லா?"

"அதனால என்ன? இவ்வளவு நாள் கூடவே இருந்தீங்கள்லா, ஏதாவது ஒட்டியிருக்கும்."

என்ன ஒட்டியிருந்தது என்று எனக்குத்தான் தெரியும். நீ வீட்டில் இங்கிலீஷில் பேச ஆரம்பித்தாலே நான் அடுப்பைப் பார்க்கப் போய்விடுவேன். எனக்கும் அந்தப் பிள்ளைகளுக்கும் ஒரே வியாதி.

அந்த வியாதியைக் கண்டுபிடித்தவள் நீ. முனிசிபல் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் மண்டையில் ஏறாது என்று எல்லாரும் கையைக் கழுவிவிட்டார்கள். ஏறியிருக்கிறது, வாய் வழியாக இறங்கத்தான் வெட்கம் என்று நீ ஒருத்திதான் சொன்னாய். கட்டுரையை நெட்டுருப் போட்டுப் பக்கம் பக்கமாக எழுதுகிற பிள்ளையை எழுப்பி ஒரு வாக்கியம் பேசச் சொன்னால் தாவணி முனையைக் கடிக்கும். தப்பித்தவறி ஒருத்தி பேசிவிட்டால் பின் பெஞ்சிலிருந்து, "ஏ, துரைசாணி பேசுதா, துரைசாணி பேசுதா!" என்று ஒரு கூச்சல் வரும். அதற்குப் பிறகு வருஷம் முடிகிற வரை அவள் வாய் திறக்கமாட்டாள்.

ஒரு சனிக்கிழமை நீ கோயிலிலிருந்து வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல், "வடிவக்கா, ஒரு சங்கதி கேளு" என்று ஆரம்பித்தாய். "வகுப்புல வாயே தொறக்காத கழுதைக எல்லாம் பாவசங்கீர்த்தனத்துல சாமியார்கிட்ட எம்புட்டு நேரம் பேசுதுக தெரியுமா? வரிசை நகரவே மாட்டேங்கு. மூஞ்சி தெரியலன்னா பேச்சு வருதுக்கா!"

எனக்கு அந்தப் பாவசங்கீர்த்தனக் கூண்டைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஏரல் பக்கத்து வயக்காட்டு ஊரில் நாங்கள் செய்த தப்பையெல்லாம் முதுகில் வாங்கியே கழித்தவர்கள். நீதான் விளக்கினாய். நடுவில் ஓட்டை போட்ட பலகை, இந்தப் பக்கம் முழங்காலில் நிற்கிறவர், அந்தப் பக்கம் காதைக் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற சாமியார். யார் யாரையும் பார்க்கவேண்டாம். எனக்கு அந்த ஏற்பாடு ரொம்பப் பிடித்துப்போனது.

திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் தண்ணீர்ப் பானைக்கு மறைப்பாக நின்ற பனையோலைத் தட்டியைத் தூக்கி வந்து சாமான் அறையில் குறுக்கே நிறுத்தினாய். அந்தப் பக்கம் உனக்கு ஒரு நாற்காலி. சாப்பாட்டு மணியில் பிள்ளைகள் ஒவ்வொருத்தியாக வந்து இந்தப் பக்கமிருந்து இங்கிலீஷில் எதையாவது பேசவேண்டும், பெயர் சொல்லவேண்டியதில்லை. தப்பு என்ற வார்த்தையை நீ சொல்லமாட்டாய். சிரிக்கவும் மாட்டாய், அதுதான் உனக்குப் பெரிய கஷ்டம், முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு இருப்பாய். "மை ஃபாதர் கோ கொழும்பு எஸ்டர்டே" என்று ஒருத்தி சொல்வாள். "ஓ, யுவர் ஃபாதர் வென்ட் டு கொழும்பு எஸ்டர்டே? வாட் டிட் ஹி டேக்?" என்று நீ கேட்பாய். திருத்தினது மாதிரியும் ஆச்சு, அவள் மானம் போகாமலும் ஆச்சு.

ஆனால் முதல் நாளே ஒரு கூத்து நடந்ததே! ஆரோக்கியம் வந்தாள், தட்டியைப் பார்த்தாள், படாரென்று முழங்காலில் விழுந்து சிலுவை போட்டுவிட்டு இங்கிலீஷில் பாவம் சொல்ல ஆரம்பித்துவிட்டாள். தங்கச்சி பங்கு மீனைத் தின்றது, செபம் சொல்லாமல் தூங்கினது. அவளைப் பார்த்து அடுத்தவளும் முழங்காலில் நின்றாள், அதற்கடுத்தவளும் நின்றாள். தட்டி என்றால் பாவம்தான் சொல்லவேண்டும் என்று வகுப்பு முழுக்கப் பேச்சாகிவிட்டது. ரஹ்மத்து மட்டும் பாவம், ஸ்டாஃப் ரூம் வாசலில் வந்து நின்றாள். "டீச்சர், எங்கள்ல இந்த வழக்கம் இல்லையே, நான் என்ன பாவத்தச் சொல்லட்டும்?" என்று கேட்டாள். மறுநாள் சொந்தமாக ஒன்றைத் தயார் பண்ணிக்கொண்டு வந்து, ஒரு ஆட்டைத் திருடினேன் என்று இங்கிலீஷில் சொன்னாள். ஆட்டை எங்கே வைத்திருக்கிறாய் என்று நீ கேட்டாய். "அண்டர் மை காட்" என்றாள். அன்று சாயந்தரம் அறைக்கு வந்து பாயில் உருண்டு உருண்டு சிரித்தாய். "பாவமாவது இங்கிலீஷ்ல வரட்டும்க்கா, மத்ததெல்லாம் பின்னால வரும்" என்றாய்.

பின்னால் வந்தது புகார். பாவசங்கீர்த்தனத்தைக் கேலி பண்ணுகிறாள் என்று உங்கள் ஆட்கள். பிள்ளைகளை உங்கள் வேதத்துக்கு இழுக்கிறாள் என்று எங்கள் ஆட்கள். ரெண்டு கூட்டமும் ஒரே நாளில் வந்து பெரிய டீச்சர் அறை வாசலில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது. பெரிய டீச்சர் கெட்டிக்காரி. "பிள்ளைக முழங்கால்ல நிக்கப்படாது, அம்புட்டுதான்" என்று ஒரு முக்காலியை எடுத்துக் கொடுத்து எல்லாரையும் அனுப்பிவைத்தார்கள்.

முக்காலி வந்த பிறகு பாவம் குறைந்தது, பேச்சு கூடியது. எல்லாரையும்விட அதிகமாக வந்தவள் ரெஜினா. அவள் அப்பாவுக்கு சங்கு குளிக்கிற வேலை. ஆழத்திலிருந்து ஏறி வந்தால் காதிலிருந்து ரத்தம் வரும், வீட்டில் என்ன செய்வதென்று யாருக்கும் தெரியாது, பஞ்சை வைத்து அடைத்துவிட்டு எல்லாரும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு இருப்போம் என்று தட்டிக்கு அந்தப் பக்கமிருந்து உன்னிடம் சொன்னாளாம். அதனால் அவளுக்கு நர்ஸாக வேண்டும். பாளையங்கோட்டையில் நர்ஸ் பயிற்சிக்கு ஆள் எடுக்கிறபோது இங்கிலீஷில் கேள்வி கேட்பார்கள். "மார்க்கு வாங்கிருவா வடிவக்கா, வாய்தான் பயமா இருக்கு" என்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபோதும் சொன்னாய். வேறு எதைப் பற்றியும் அன்று நீ பேசவில்லை.

இதுவரை உனக்குத் தெரிந்த கதை. இனி நீ இல்லாத கதை.

உன் நாற்காலியில் நான் போய் உட்கார்ந்தேன். முதல் வாரம் ஒருத்தரும் வரவில்லை. உன் நாற்காலியில் வேறொருத்தி இருப்பதை அவர்கள் விரும்பவில்லை என்று நினைத்தேன், நியாயம்தான். சாமான் அறையில் தனியாக உட்கார்ந்து ஓலைப் பின்னலைப் பார்த்துக்கொண்டிருப்பேன். ஓலையின் அந்தப் பக்கம் வெயில் தெரியும். மணி அடித்ததும் எழுந்து கணக்கு வகுப்புக்குப் போவேன்.

பிறகு ரெஜினா வந்தாள். முக்காலியில் உட்கார்ந்தாள். மூச்சு விடுவது கேட்டது, பேச்சு மட்டும் வரவில்லை. நான் முதல்நாளே யோசித்து வைத்திருந்த கேள்வியைக் கேட்டேன். "வாட் டிட் யூ ஈட் டுடே?" பதில் இல்லை. மணி அடித்தது, போய்விட்டாள். மறுநாளும் வந்தாள், உட்கார்ந்தாள், போனாள். அதற்கடுத்த நாளும் அப்படியே. வகுப்பிலும் அவள் வாய் திறக்கவில்லை. நீ திறந்துவிட்ட கதவு அடைத்துக்கொண்டது, என்னிடம் சாவி இல்லை.

உன்னிடம் மறைப்பானேன், எனக்கு அந்த நேரம் வேண்டியிருந்தது. பள்ளிக்கூடம் விட்டால் மறுநாள் வருகைப் பதிவு எடுக்கிற வரை நான் பேசுவது பால்காரம்மாவிடம் மட்டும்தான். அதுவும் "ஊத்துங்க" என்ற ஒரு சொல். பேசாமல் இருந்தாலும் தட்டிக்கு அந்தப் பக்கம் ஒரு ஆள் இருந்தாளே. அவளும் உன்னைப் பறிகொடுத்தவள். அவளிடமும் யாரும் வந்து துட்டி கேட்டிருக்கமாட்டார்கள்.

மார்கழி முடிகிற சமயம். அன்றும் அவள் அப்படித்தான் உட்கார்ந்திருந்தாள். எனக்கு என்ன தோன்றியதோ, எழுந்து தட்டியைச் சுற்றி அவள் பக்கம் போனேன். பயந்து எழுந்துவிட்டாள்.

"ஏளா, நீ போயி அந்த நாற்காலில உக்காரு."

"நானா டீச்சர்?"

"ஆமா. இன்னைக்கு நான் பேசுதேன். நீ கேளு."

முக்காலியில் உட்கார்ந்தேன். இங்கிலீஷில் என்ன சொல்வது? பாவம் சொன்ன பிள்ளைகளின் பாடு அன்றுதான் எனக்குப் புரிந்தது. அந்தத் தட்டியின் முன்னால் எனக்குப் பொய்யான பேச்சு வரமாட்டேன் என்கிறது, பிலோமி. இன்றைக்கு வெயில் அதிகம் என்று சொல்லலாம் என்றுதான் வாயைத் திறந்தேன்.

"பிலோமினா டீச்சர் நோ," என்றேன். "ரூம் எம்ப்டி. ஐ குக் ரைஸ். டூ மச்."

அந்தப் பக்கம் நாற்காலி நகர்ந்தது. பிறகு மெதுவாக ஒரு குரல். "யூ குக் ரைஸ் ஃபார் டூ பீப்பிள், டீச்சர்?"

"எஸ்."

"ஆஃப்டர் தட், வாட் டு யூ டூ?"

"ஐ த்ரோ. க்ரோ."

"யூ கிவ் இட் டு த க்ரோஸ்," என்றாள் ரெஜினா.

நீ கேட்கிற மாதிரியே கேட்டாள், நீ திருத்துகிற மாதிரியே திருத்தினாள். நான் அழுதேன். தமிழில் ஒருத்தரிடமும் சொல்லாததை அந்த ஓட்டை இங்கிலீஷில் சொன்னேன். தமிழில் சொல்லத் தொடங்கியிருந்தால் முதல் வார்த்தையிலேயே உடைந்திருப்பேன். ஒவ்வொரு சொல்லாகத் தேடிப் பிடிக்கவேண்டியிருந்ததால் பாதி தூரமாவது போக முடிந்தது. அந்தப் பக்கத்திலும் மூக்கு உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

அன்றிலிருந்து மாறி மாறி உட்கார்ந்தோம். ஒரு நாள் அவள் டீச்சர், ஒரு நாள் நான். எட்டிப்பார்த்த மற்ற பிள்ளைகளுக்கும் அந்த நாற்காலி மேல் ஆசை வந்துவிட்டது. ஒருத்தி பேச இன்னொருத்தி டீச்சராகக் கேட்பாள், தவறினால் திருத்திக் கேள்வியாகத் திருப்பிப் போடுவாள். ரஹ்மத்து எனக்கு டீச்சராக இருந்த அன்று என்னைப் படுத்தின பாடு சொல்லி முடியாது. நான் உன் அளவுக்கு ஆகிவிட்டேன் என்று நினைத்துவிடாதே. உனக்குத் தெரிந்த இங்கிலீஷ் எனக்குத் தெரியாது என்பதால்தான் அந்த நாற்காலி எல்லாருக்கும் கிடைத்தது.

பள்ளி இறுதிப் பரீட்சை முடிந்தது. சிலர் இங்கிலீஷில் பெயிலாகிப் போனார்கள், அவர்களை உட்கார்த்தி மறுபடி எழுதவைக்கவேண்டும். ரெஜினா பாஸ். நேர்முகத்துக்கு வரச்சொல்லிக் கார்டும் வந்துவிட்டது. அங்கே யார் தட்டி வைப்பார்கள்? அதனால் லீவு நாளில் அவளை நம் அறைக்கு வரச்சொல்லி, எதிரெதிரே உட்கார்ந்து பேசிப் பார்த்தோம். ஒரு வார்த்தை வரவில்லை, தலையைக் குனிந்தே இருந்தாள். "ஏன்ளா, நானா சிரிக்கப்போறேன்?" என்றேன்.

"சிரிச்சாக்கூடப் பரவாயில்ல டீச்சர். என்னயப் பாத்ததும் உங்களுக்கு அழுகை வருது. அதப் பாத்து எனக்கும் வருது."

என்ன செய்ய? உண்மைதானே. கடைசி நாள் வரை அவள் என் முகத்தைப் பார்த்து ஒரு வாக்கியம் பேசவில்லை. அப்படியே பஸ் ஏறினோம். அவள் அப்பாவுக்குக் கடலுக்குப் போகிற நாள், அதனால் நான்தான் துணை. வழியெல்லாம் உன்னைத் திட்டிக்கொண்டு வந்தேன். பாதியில் விட்டுவிட்டுப் போனவளே, இந்தப் பிள்ளைக்கு நான் என்ன பதில் சொல்வேன்?

அவளை உள்ளே கூப்பிட்டார்கள். நான் வேப்பமரத்தடி பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். என்னைச் சுற்றி தாய்மார், தகப்பன்மார். "உங்க மகளா?" என்று ஒருத்தர் கேட்டார். தலையை ஆட்டிவைத்தேன்.

வெளியே வந்தாள். முகத்திலிருந்து ஒன்றும் தெரியவில்லை. "என்னளா ஆச்சு?" என்றேன்.

மேசைக்குப் பின்னால் மூன்று பேராம். நடுவில் கண்ணாடி போட்ட ஒரு அம்மா. நர்ஸ் வேலைக்கு ஏன் வருகிறாய் என்று அந்த அம்மா இங்கிலீஷில் கேட்டார்களாம். "அவங்க மூஞ்சி நம்ம யார் மூஞ்சி மாதிரியும் இல்ல டீச்சர். சிரிக்கவும் இல்ல, அழவும் இல்ல. அதான் பேச வந்துட்டு." அப்பா காதைப் பற்றிச் சொல்லியிருக்கிறாள். அவர்கள் மேலே மேலே கேட்க, இவள் மேலே மேலே சொல்லியிருக்கிறாள். கடைசியில், முனிசிபல் பள்ளிக்கூடத்தில் உனக்கு இவ்வளவு பேசக் கற்றுக்கொடுத்தது யார் என்று கேட்டார்களாம்.

"பிலோமினா டீச்சர், மணப்பாட்டுல இருக்காங்கன்னு சொன்னேன்."

"இருக்காங்கன்னா சொன்ன?"

"ஆமா டீச்சர். செத்துப்போயிட்டாங்கன்னு சொன்னா, ஐயோ பாவம்னு ரெண்டு மார்க்கு கூடப் போட்ருவாங்க. டீச்சர வச்சு எனக்கு அந்த மார்க்கு வேண்டாம்."

அவள் நடந்துகொண்டே சொன்னாள். "அந்தம்மா 'கிவ் மை ரிகார்ட்ஸ் டு யுவர் டீச்சர்'னு சொன்னாங்க. ரிகார்ட்ஸ்ன்னா என்ன டீச்சர்?"

"வணக்கம் சொன்னேன்னு சொல்லு, அதுதான்."

"அப்ப நீங்க போயிச் சொல்லிருங்க டீச்சர். நான் சரின்னு சொல்லிட்டு வந்திருக்கேன்."

இடம் கிடைத்துவிட்டது. போன வாரம் ஒரு டிரங்குப் பெட்டியோடு பாளையங்கோட்டைக்குப் போய்விட்டாள். சந்தோஷம்தான். ஆனால் அவளும் போய்விட்டாள். சாமான் அறையில் அன்று சாப்பாட்டு மணி ரொம்ப நீளமாக இருந்தது.

நேற்று ஞாயிற்றுக்கிழமை, மணப்பாட்டுக்கு வந்தேன். உன் அம்மா கல்லறைக்குக் கூட வந்தார்கள். காற்று நிற்கவிடவில்லை, மணல் கண்ணை அறைந்தது. உன் பெயர் எழுதின கல்லுக்கு முன்னால் நின்று, இங்கிலீஷில்தான் கொடுத்துவிட்டார்கள், இங்கிலீஷிலேயே சேர்த்துவிடுவோம் என்று அந்த ரிகார்ட்ஸை முணுமுணுத்தேன்.

"என்னம்மா சொல்லுத அவகிட்ட?" என்று உன் அம்மா கேட்டார்கள்.

"பாளையங்கோட்டைல ஒரு அம்மா அவளுக்கு வணக்கம் சொல்லி விட்டிருக்காங்கம்மா."

உன் அம்மா பறந்த முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார்கள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, "சத்தமாச் சொல்லு தாயி, காத்துல அவளுக்குக் கேக்காது" என்றார்கள்.

சத்தமாகச் சொன்னேன். நாலு கல்லறை தள்ளி மெழுகுவர்த்தியோடு நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள், பார்க்கட்டும்.

உன் இடத்துக்கு இன்னும் ஆள் போடவில்லை. போட்டாலும் அந்தச் சாப்பாட்டு மணி நேரம் என்னுடையது என்று பெரிய டீச்சரிடம் சொல்லிவிட்டேன். புது லெவன்த் பிள்ளைகள் இன்னும் தாவணியைக் கடித்துக்கொண்டுதான் நிற்கிறார்கள். அவர்களில் ஒருத்தி பேச வந்து, கேட்க ஆளில்லாமல் திரும்பிப் போகிற நாள் வராது. இதை உனக்குச் சத்தியமாகச் சொல்கிறேன்.

உன் அக்கா,
வடிவு